கல்யாணக் கேசட்டின் முதல் நாலு நிமிஷம்

எண்பதுகளின் நடுவில் பாகூரில் நான் மைக் செட் வைத்திருந்தேன். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு டேப் ரெக்கார்டர், நாலு கட்டு ஒயர். காது குத்தல், கல்யாணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் போவேன். பத்தாவதில் கணக்கில் மட்டும் இரண்டு தடவை தோற்றவன். ஆனால் காது விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு கேசட்டைப் பத்து விநாடி கேட்டால் போதும், அது கடையில் வாங்கியதா, காப்பியா, காப்பிக்குக் காப்பியா என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

வீட்டில் ஒயரைத் தொட்டவன் நான் ஒருவன்தான். ஃபியூஸ் போனாலும் ரேடியோ கரகரத்தாலும் "அவன் வரட்டும்" என்பார் அம்மா. அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் எனக்கு இருந்த ஒரே பதவி அது.

அந்தப் பதவிக்கு வேட்டு வைத்தவர் அக்கா வீட்டுக்காரர். அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருப்பவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். லீவில் வரும்போது சென்ட், சாக்லேட், எனக்கு ஒரு சட்டை என்று கொண்டு வருவார். ஒரு லீவில் கறுப்பு வெள்ளை டிவி வாங்கிக் கொடுத்தார். அடுத்த லீவில் எனக்கு வழக்கம்போலச் சட்டை. என் தங்கைக்கு ஒரு கம்ப்யூட்டர்.

தங்கை அப்போது கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலேஜில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். கூட வந்த விளக்கப் புத்தகம் பிரெஞ்சில் இருப்பதால் இவளால்தான் முடியும் என்று மாமா அவளிடம் கொடுத்துவிட்டார். நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

கம்ப்யூட்டர் என்றால் இப்போதைப் போல நினைத்துவிடக் கூடாது. டைப்ரைட்டரின் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி எடுத்தது போல ஒரு கட்டைப் பலகை. அதை டிவியில் மாட்ட வேண்டும். டவுனிலிருந்து டிவி மெக்கானிக் வந்து ஒரு பகல் முழுக்க நோண்டிய பிறகுதான் எழுத்து தெரிந்தது, அதுவும் லேசாக ஆடிக்கொண்டே. கூடவே ஒரு அட்டைப் பெட்டி. மேலே ரோபோ என்று போட்டிருந்தது. மனுஷன் மாதிரி ஒன்று எழுந்து நடக்கும் என்று அம்மா காத்திருந்தார். உள்ளே இரண்டு குட்டி மோட்டார், சக்கரங்கள், பொடி ஸ்க்ரூக்கள். எல்லாவற்றையும் முடுக்கி முடித்தபோது சோப்புப் பெட்டி அளவில் ஒரு வண்டி வந்தது.

"இதுக்கா இம்மாம் பெரிய பேரு?" என்றார் அம்மா.

வண்டியைக் கம்ப்யூட்டர் ஓட்ட வேண்டுமானால் நடுவில் ரிலே வேண்டும். கரண்ட் வந்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும் குட்டி சுவிட்ச் அது. என் பழைய ஸ்டெபிலைசரில் இருந்தவற்றைக் கழற்றிக் கேட்டாள். கொடுத்தேன். பற்ற வைக்க என் சால்டரிங் ராடையும் கேட்டாள். "கை சுட்டுக்குவடி, நான் வெக்கறேன் குடு" என்றேன். "நானே வெக்கறேன்ணா" என்றாள். வைத்தாள். என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல எழுந்து போனேன்.

இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி. சுவிட்சை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். அதனால் தட்டியதையெல்லாம் சாதாரணக் கேசட்டில் சத்தமாகப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்தச் சத்தத்தைத் திரும்பக் காட்டினால் அதற்கு ஞாபகம் வரும். அதற்கு டேப் ரெக்கார்டர் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே டேப் ரெக்கார்டர் என்னுடையது. எனக்கு வேலை இல்லாத நாளெல்லாம் அது அவள் மேஜையில்தான். சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரும். முதலில் நீட்டாக ஒரு கூவல், பிறகு தேங்காய் ஓட்டைச் சிமெண்டில் தேய்ப்பது போலக் கொரகொரவென்று. ஆறு மாசம் தினமும் கேட்டேன்.

டவுனில் புதிதாக ஆரம்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். இவள் எழுதிப் போட்டாள். நேரில் வரும்போது தானே செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து செய்து காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. நாள் குறித்திருந்தது ஒரு புதன்கிழமை.

அவள் வண்டியைத் தயார் பண்ணினாள். வண்டி முதுகில் ஒரு சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு புறப்படும், எதிரே வைத்த டஸ்டரைச் சுற்றும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். அவ்வளவுதான். கேட்க இலேசு. இடது மோட்டார் கொஞ்சம் சோம்பேறி. அதனால் இந்தச் சக்கரம் இவ்வளவு நேரம், அந்தச் சக்கரம் அவ்வளவு நேரம் என்று எண்களை மாற்றி மாற்றி, கூடத்துச் சிமெண்டுத் தரையில் நூறு தடவை ஓட விட்டுப் பார்த்தாள். நோட்டில் எழுதியிருந்தது பழைய எண்கள். ஆறு மாசம் திருத்தியதெல்லாம் கேசட்டில் மட்டும்தான் இருந்தது. பத்திரத்துக்காக அதே கேசட்டில் மூன்று தடவை அடுத்தடுத்துப் பதிந்து வைத்திருந்தாள். நோட்டிலும் எழுதி வைத்திருக்கலாமே என்று இன்றைக்கு யாரும் சுலபமாகக் கேட்கலாம்.

"டவுன்ல போயி பொம்மை வண்டி வுட்டுக் காட்டினா வேலை குடுத்துடுவானா?" என்று கேட்டேன் நான்.

"குடுப்பாங்கணா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அந்தப் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை பனித்திட்டில் ஒரு கல்யாணம். கடலுக்குப் போகிற குடும்பம். பெண்ணின் அப்பா, கல்யாணம் முழுவதையும் கேசட்டில் பதிந்து தர வேண்டும், முதல் சத்தத்திலிருந்து ஒன்றுகூட விட்டுப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். அப்போது அது ஒரு பழக்கம். வீடியோ எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். மேளம், மந்திரம், சொந்தக்காரர்கள் பேச்சு எல்லாவற்றையும் கேசட்டில் வாங்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போட்டுக் கேட்பார்கள். பாட்டுப் போட ஒன்று, பதிவு பண்ண ஒன்று என்று இரண்டு ரெக்கார்டர் வேண்டும். ஒன்றைக் கடலூரில் ஒரு செட்டுக்காரரிடம் இரவல் வாங்கினேன். என்னுடையதைத் தங்கை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் சர்டிபிகேட் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அவளுடைய கேசட் உள்ளேயே இருந்தது.

பனித்திட்டில் ஒரு குழாயைப் பந்தல் வாசலில் கட்டினேன். இன்னொன்று கரையைப் பார்த்துத் தென்னை மரத்தில். கடலூர் ரெக்கார்டரில் பதிவை ஓட விட்டேன். என் ரெக்கார்டரில் சாமிப் பாட்டு இருக்கிறது என்று நினைத்து ப்ளேயைத் தட்டிவிட்டு, குழாயை இறுக்க மரத்தில் ஏறினேன்.

பிள்ளையார் பாட்டு வரவில்லை. கூவல் வந்தது. பிறகு கொரகொர. இரண்டு குழாயிலும், முழுச் சத்தத்தில், கடல் வரைக்கும். கரையில் படகு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள். ஊர் நாய்கள் எல்லாம் பந்தலுக்கு வந்துவிட்டன. நான் முடிச்சைப் பாதியில் விட முடியாமல் மரத்திலேயே தொங்கினேன். இறங்கி வந்து நிறுத்த நாலு நிமிஷம் ஆயிற்று.

"இன்னாபா மைக் செட்டு, நல்ல காரியத்துல இப்படி நாராசமா கத்தவுட்ட?" என்றார் பெண்ணின் அப்பா. அவருக்குப் பின்னால் ஊரே நின்றது.

"கேசட்டு கெட்டுப்போச்சுண்ணே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்று அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்தது போல இருந்தது. தொழிலில் இறங்கியதிலிருந்து என் குழாயைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

தாலி கட்டுகிற நேரத்துக்குள் பதிவு கேசட் இரண்டு பக்கமும் தீர்ந்துவிட்டது. இன்னொரு காலிக் கேசட் கொண்டுவர மறந்திருந்தேன். மேளக்காரர் கெட்டி மேளத்துக்குக் கையை ஓங்கிவிட்டார். தங்கையின் கேசட்டை எடுத்து, முதலுக்குச் சுற்றி, கடலூர் ரெக்கார்டரில் போட்டுப் பதிவை அழுத்தினேன். கெட்டி மேளம் முழங்கியது, அவள் பதிந்திருந்த மூன்றும் அதில் அழிந்தன. கல்யாணம் முடிந்ததும் இரண்டு கேசட்டையும் பெண் வீட்டில் கொடுத்தேன். வருகிற வழியில் இரவல் ரெக்கார்டரை அதன் சொந்தக்காரரிடம் சேர்த்துவிட்டேன். அவர் அன்றே அதோடு எங்கோ தூரத்துத் திருவிழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் தங்கை என் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தாள்.

"கேசட் எங்கணா?"

சொன்னேன். "வெறும் இரைச்சலா வந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சி அதுல தாலி கட்டுறதைப் பதிஞ்சிட்டேன்."

அவள் அழவில்லை. ரெக்கார்டரின் மூடியைத் தட்டி மூடினாள். பிறகு கேட்டாள்: "தெரிஞ்சிதான செஞ்ச?"

நான் குதித்தேன். "தங்கச்சி பொழைப்புல மண்ணைப் போடறவனா நானு? எம் மூஞ்சியப் பாத்து எப்படிடி கேக்கற?" என்று தெரு கேட்கக் கத்தினேன். அம்மா வந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நோட்டை வைத்துத் திரும்ப அடித்தாள். வண்டி புறப்பட்டது, திரும்பியது, ஒவ்வொரு தடவையும் டஸ்டரில் போய் முட்டியது.

வெள்ளிக்கிழமை காலை பனித்திட்டிலிருந்து மீன் விற்க வரும் அம்மாவிடம் பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேசட் ஆரம்பத்திலேயே நாலு நிமிஷம் நாராசம், அதை எடுத்துவிட்டு வேறு போட்டுத் தர வேண்டும் என்று. எனக்கு ஏற்கெனவே தலை கொதித்துக்கொண்டிருந்தது. "புடிக்கலைன்னா கடல்ல தூக்கிப் போடச் சொல்லு" என்றேன். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வார்த்தையையும் ஒன்றுவிடாமல் கொண்டுபோனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபோதுதான் உறைத்தது. கல்யாணக் கேசட்டின் முதல் நாலு நிமிஷம். அந்த நாராசம்தான் அவளுடைய ஆறு மாசம். குழாயில் வந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் வழியாகக் கடலூர் ரெக்கார்டரிலும் பதிவாகியிருக்கிறது. பாதி முகம் சவரத்தோடு சைக்கிளை எடுத்தேன். கிருமாம்பாக்கம் தாண்டும் வரைக்கும் கடலில் போட்டிருப்பார்களா போட்டிருக்க மாட்டார்களா என்பதே நினைப்பு.

பெண்ணின் அப்பா கரையிலிருந்து அப்போதுதான் வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், சவரம் ஆன பாதியையும் ஆகாத பாதியையும்.

"கடல்ல போடச் சொன்ன ஆளுதான நீ?"

"தப்புதாண்ணே. கோவத்துல சொல்லிட்டேன்."

"நாங்க தொழில் பண்ற எடம்பா அது. அதுல குப்பைய போடுவமா?" என்றார். பிறகு, "இப்ப இன்னா வேணும்?" என்றார்.

அந்த நாராசம்தான் வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். தங்கச்சி, வேலை, புதன்கிழமை, கம்ப்யூட்டர், சத்தத்துக்குள் கணக்கு. நான் சொன்னதில் எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. கேட்டு முடித்துக் கை கழுவினார்.

"பொண்ணு வேலைக்காப்பா?"

"ஆமாண்ணே."

உள்ளே போய்க் கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "சத்தத்தை நீ எடுத்துக்க. கல்யாணத்தைப் பத்திரமாக் கொண்டாந்து குடுத்துடு."

வீட்டுக்கு வந்து கேசட்டை மேஜையில் வைத்தேன். தங்கை குதிக்கவில்லை. "வேற பொட்டில பதிஞ்சது. கம்ப்யூட்டர்ல எறங்குமான்னு தெரியாது" என்றாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. என் ரெக்கார்டரில் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கூவல், கொரகொர, பிறகு டிவியில் ஏதோ ஒரு வரி. தப்பு என்று அர்த்தமாம். மறுபடி போட்டாள். தப்பு. சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். தப்பு. மறுநாள் மதியம் வரைக்கும் தப்பு. அவள் கட்டைப் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நவுரு" என்றேன்.

ரெக்கார்டரில் கேசட் நாடா உரசி ஓடும், சத்தத்தைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதை ஒரு மயிரிழை திருப்பினால் ஹெட் லேசாகச் சாயும். ஒரு பெட்டியில் பதிந்தது இன்னொரு பெட்டியில் மங்கலாகக் கேட்டால், அந்தச் சாய்மானம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பாட்டாக இருந்தால் ஜால்ரா சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருப்புவேன். ஜால்ரா எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்திவிடுவேன். இதில் ஜால்ரா இல்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை வெளியே விட்டு, ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"இல்ல, இது மந்தமா இருக்கு. உன்னுது இப்படி இருக்காது" என்றேன், திருப்பிக்கொண்டே. "அந்த நீட்டுக் கூவல் ஊசி மாதிரி இருக்கும். அது முடியற எடத்துல ஒரு துளி சும்மா இருக்கும், அப்புறம் ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் கொரகொர வரும். இதோ பாரு, அந்த ரெண்டு தட்டு இப்ப ஒண்ணாக் கேக்குது. இரு, இரு. ஆங். இப்ப வந்துச்சு பாரு. இதான் உன்னுது. மாட்டு."

அவள் மாட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒயரைச் செருகி, கேசட்டைத் திருப்பிச் சுற்றி, ப்ளேயை அழுத்தினாள்.

இந்தத் தடவை தப்பு வரவில்லை. டிவியில் வரி வரியாக அவள் எழுதியது நின்றது. வண்டியைத் தரையில் வைத்தாள், டஸ்டரை வைத்தாள், முதுகில் சாக்பீஸை வைத்தாள். வண்டி புறப்பட்டு, டஸ்டரைச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது. சாக்பீஸ் விழவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கை வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப இந்தச் சத்தம் உனக்குத் தெரியும்."

அது கேள்விகூட இல்லை. அந்த இரண்டு தட்டையும் ஊசிக் கூவலையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவன், அதே சத்தத்தைக் கேட்டுக் கேசட் கெட்டுப்போச்சு என்று நினைத்தான் என்றால் யார் நம்புவார்கள்? உண்மை இதுதான். தென்னை மரத்தில் தொங்கியபோதே, முதல் இரண்டு விநாடியிலேயே, அது அவளுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறந்துபோய் ப்ளே தட்டியது நிஜம். முடிச்சை விட்டு இறங்க முடியாததும் நிஜம். ஆனால் தாலி நேரத்தில் அந்தக் கேசட்டைக் கையில் எடுத்தேனே, அப்போது தெரிந்தேதான் எடுத்தேன். வேறு கேசட் இல்லையா என்றால், என் சாமிப் பாட்டுக் கேசட்டே பக்கத்தில் இருந்தது, அதில் பதிந்திருக்கலாம். பொறாமை. வேறு பெயர் அதற்கு இல்லை. அம்மா அப்போதே ஃபியூஸ் போனால் "அவ பாத்துக்குவா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். புதுக் கேசட்டில் புரோகிராமை மூன்று தடவை பதிந்தாள், பிறகு நோட்டிலும் எழுதினாள். எழுந்து போய் நகப் பாலிஷ் பாட்டிலைக் கொண்டுவந்து, நான் திருப்பிய ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். அது காய்ந்தால் ஸ்க்ரூ அசையாது. "புதன்கெழமை செட்டு எதுக்கும் போகாத. டேப் எனக்கு வேணும்" என்றாள்.

போகவில்லை. புதன்கிழமை டவுன் பஸ்ஸில் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் கூடவே போனேன். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ் தூக்கிப் போட்டபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் வேறு ரெக்கார்டர் கொடுத்துவிட்டார்கள். பனித்திட்டுக் கேசட்டில் அந்த நாலு நிமிஷத்துக்குச் சாமிப் பாட்டுப் பதிந்து திருப்பிக் கொடுத்தேன். தங்கையின் பழைய கேசட் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, தாலி முடிச்சோடு. அவள் அதைக் கேட்கவில்லை. நடந்ததைப் பற்றியும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் ரெக்கார்டர் என்னிடமே வந்தது. ஹெட் அவளுடைய சத்தத்துக்குச் சாய்ந்து நின்றதால் எந்தப் பாட்டைப் போட்டாலும் மந்தமாகத்தான் வந்தது. பாலிஷைச் சுரண்டி ஸ்க்ரூவைத் திருப்ப அரை நிமிஷம் போதும். அந்தப் பெட்டி பழசாகித் தூக்கிப் போடும் வரைக்கும் நான் திருப்பவில்லை.

"இன்னாபா, உன் செட்டுல ஜால்ராவே கேக்க மாட்டுது. காது போச்சா உனக்கு?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள்.

"ஆமாம்" என்பேன்.